பையில் மடக்குக் கத்தி இருந்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

வழிப்பறி, தற்காப்பு, சட்டம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தியைப் பற்றியே கேட்டிருந்தன. தற்காப்புப் பயிற்சியாளர், குற்றவியல் வழக்கறிஞர், அவசர சிகிச்சைச் செவிலியர் மூவரும் பகிர்ந்துகொண்டு பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாவது ஷிப்ட். இரவு 11 மணிக்கு மேல் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போகிறேன். கூட வேலை செய்பவரிடம் போன மாதம் கத்தியைக் காட்டி செல்போனைப் பறித்துவிட்டார்கள். நான் ஒரு மடக்குக் கத்தி வாங்கியிருக்கிறேன். சுவிஸ் மாடல், கத்தரி, திருப்புளி எல்லாம் உண்டு. அவசரத்துக்கு உதவுமா? எப்படிப் பிடிக்க வேண்டும்?
– வாசகர், திருமுல்லைவாயல்

வீட்டு மொட்டை மாடியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். கத்தி வேண்டாம், மூடி போட்ட பேனா ஒன்றை, கத்தியை வைக்கும் அதே பாக்கெட்டில் வையுங்கள். தோளில் டிபன் பை, ஒரு கையில் போன், அதாவது வேலை விட்டு வரும்போது எப்படி இருப்பீர்களோ அப்படியே. நண்பர் ஒருவர் 8 அடி தள்ளி நிற்கட்டும். அவர் நினைத்த நேரத்தில் ஓடிவந்து உங்கள் தோளைத் தொட வேண்டும். அதற்குள் நீங்கள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியிருக்க வேண்டும். பத்து முறை செய்தால் பத்து முறையும் தோற்பீர்கள். நண்பர் சிரித்துக்கொண்டே ஓடி வருகிறார், உங்களுக்குப் பயமும் இல்லை; அப்போதே இந்தக் கதி.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல் துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டுயல்லர் இதை அளந்து 1983-இல் எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஒரு சராசரி ஆள் 21 அடியைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. இடுப்பு உறையில் துப்பாக்கி வைத்திருக்கும் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அது நெருக்கடியான நேரம். நம்மூர் வழிப்பறிக்காரன் 21 அடியில் நிற்பதில்லை. "அண்ணே, மணி என்ன?", "தம்பி, தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் கத்தியை எடுக்கிறான்.

உங்கள் கத்தியின் அமைப்பையும் பாருங்கள். சுவிஸ் மாடலில் அலகைத் திறக்க, அதன் பக்கவாட்டில் உள்ள சிறு பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுக்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும், நகமும் வேண்டும். பயத்தில் ரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்கிறது, விரல் நுனி நடுங்குகிறது. சாவியைப் பூட்டில் நுழைக்கவே தடுமாறுகிற நேரம் அது. அவசரத்தில் அலகுக்குப் பதிலாகக் கத்தரியையோ புட்டித் திறப்பானையோ இழுத்துவிடுவதும் உண்டு. படிக்கச் சிரிப்பாக இருக்கும். அந்த இடத்தில் இருக்காது.

திறந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இந்த வகைக் கத்திகள் பெரும்பாலானவற்றில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது முதுகுப்புறத்தில் உள்ள ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். பூட்டு கிடையாது. ஆப்பிள் நறுக்கவும் கயிறு அறுக்கவும் அது போதும், ஏனென்றால் அந்த வேலைகளில் விசை அலகைத் திறந்தே வைக்கும் திசையில் விழுகிறது. நுனி எதிலாவது முட்டினாலோ, அலகின் முதுகில் அடிபட்டாலோ, அது மடங்கி உங்கள் ஆள்காட்டி விரலின் மேலேயே மூடிக்கொள்ளும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்தால் அறுவை சிகிச்சை, பிறகு வாரக்கணக்கில் கட்டு, பயிற்சி. லைனர் லாக், பிரேம் லாக், பேக் லாக் போன்ற பூட்டுள்ள கத்திகள் இந்த விஷயத்தில் மேல். ஆனால் பாக்கெட்டில் சேரும் பஞ்சும் மணலும் பூட்டுத் தகட்டின் இடுக்கில் அடைந்துவிட்டால், பூட்டு முழுதாக விழாமலே விழுந்ததுபோலக் காட்டும். அது இன்னும் மோசம்.

இன்னொரு குறை: கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு இல்லை. வியர்த்த கை முன்னால் வழுக்கிச் சொந்த அலகின் மேலேயே ஏறும். கத்தியைப் பயன்படுத்தியவருக்கே உள்ளங்கையிலும் விரல்களிலும் வெட்டுக்காயம் இருப்பது மருத்துவமனைகளில் சகஜமான காட்சி.

இதற்கெல்லாம் மேலாக, சின்னக் கத்தி ஆளை உடனே நிறுத்துவதில்லை. குத்துப்பட்டவனுக்கு முதல் சில விநாடிகள் யாரோ முஷ்டியால் குத்தியதுபோல்தான் இருக்கும். போதையில் இருந்தால் அதுவும் தெரியாது. காயம் அவனை அரைமணி நேரம் கழித்துக் கொல்லக்கூடும். அடுத்த 10 விநாடியில் அவன் உங்களை வெட்டுவதை அது தடுக்காது. கொலைப் பழியும் உங்களுக்கு, வெட்டும் உங்களுக்கு. அதோடு வழிப்பறிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர். முன்னால் பேசுகிறவனை மட்டும்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

எனவே கத்தியைக் காட்டிப் பொருள் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதிலும் ஒரு முறை இருக்கிறது. இரண்டு கையும் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அவனைப் பார்க்க இருக்கட்டும். கெஞ்சுவதுபோல் தெரியும், முகத்துக்கும் கழுத்துக்கும் வெட்டு வந்தால் குறுக்கே கை போடத் தோதாகவும் இருக்கும். "தர்றேன் தம்பி, பர்ஸ் பின் பாக்கெட்டுல இருக்கு, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் பின்னால் கையை விட்டால் நீங்களும் ஆயுதம் எடுக்கிறீர்கள் என்று நினைப்பான். பர்ஸை அவன் கையில் கொடுக்காமல், அவனுக்குப் பக்கவாட்டில் 6, 7 அடி தள்ளி விழும்படி போட்டுவிட்டு, எதிர்த் திசையில், வெளிச்சமும் ஆளும் உள்ள பக்கம் நகருங்கள். 200, 300 ரூபாயும் காலாவதியான ஒரு ஏடிஎம் அட்டையும் வைத்த பழைய பர்ஸ் ஒன்றைத் தனியாக வைத்திருப்பது நல்ல பழக்கம். அசல் அட்டையும் அடையாள அட்டையும் வேறு பாக்கெட்டில் இருக்கட்டும்.

பொருளோடு நிற்காமல் உங்களை வண்டியில் ஏற்றவோ, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இழுக்கவோ பார்த்தால் கணக்கு மாறுகிறது. அங்கே போக ஒப்புக்கொள்ளாதீர்கள். கத்துங்கள், பையை முகத்தில் வீசுங்கள், ஓடுங்கள். தோள்பை வெறும் கையை விட நல்ல கேடயம்.

எப்படிப் பிடிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அதை எழுதவில்லை. ஒரு பத்தியைப் படித்துக் கற்றுக்கொண்ட பிடி, கத்தியை எடுக்கும் தைரியத்தை மட்டும் தரும். மீதி எதையும் தராது.

கேள்வி: கத்தியைக் காட்டினாலே பயந்து ஓடிவிட மாட்டானா?
– கல்லூரி மாணவர், கோவை

சிலர் ஓடுவார்கள். ஓடாதவன் முன்னால் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதுதான் சிக்கல். குத்த மனமில்லாமல் நீட்டிய கத்தி, எதிராளி பிடுங்கிக்கொள்ளத் தோதாக நீளும் கத்தி. வெறுங்கையோடு வந்தவனுக்கு அதுவரை இல்லாத ஆயுதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தது போலாகும்.

கேள்வி: பேனாக்கத்தி வைத்திருப்பது குற்றமா? இரவு ரோந்துப் போலீஸ் சோதனையில் எடுத்தால் வழக்குப் போடுவார்களா?
– வாசகர், ஓசூர்

ஆயுதச் சட்டம் 1959-இன் கீழ் உள்ள விதிகள் கத்தியை அளவு வைத்துப் பிரிக்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுத வகைக்குள் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. தேங்காய் வெட்டும் அரிவாளும் கசாப்புக் கடைக் கத்தியும் கடையில் தொங்குவது அந்த விலக்கில்தான். 7 செ.மீ. பேனாக்கத்தி இந்த அளவுக்குக் கிட்டவே வராது.

மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் அறிவிக்கைகள் இருக்கலாம். டெல்லியில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை, பட்டனை அழுத்தினால் திறக்கும் ஸ்பிரிங் கத்திகளை 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்ற அளவிலிருந்தே கட்டுப்படுத்துகிறது. ரயில் பயணத்தில் பையோடு மாநில எல்லை தாண்டுகிறவர்கள் பட்டன் கத்தியைத் தவிர்ப்பதே நல்லது. கண்காட்சிக் கடைகளில் 150 ரூபாய்க்கு விற்கும் அந்தக் கத்திகள் பாக்கெட்டிலேயே தானாகத் திறந்துகொள்வதும் உண்டு.

ரோந்துப் போலீஸ் விஷயத்தில் அளவை விட உங்கள் வாய்தான் முக்கியம். "பழம் நறுக்க, பார்சல் பிரிக்க வைத்திருக்கிறேன்" என்பது ஒன்று. "எவனாவது வந்தால் குத்த வைத்திருக்கிறேன்" என்பது முற்றிலும் வேறு. பின்னதைச் சொன்ன நிமிடத்திலிருந்து கருவி ஆயுதமாகிறது. நாளை நிஜமாகவே தற்காப்புக்காக அதைப் பயன்படுத்த நேர்ந்தாலும், "முன்கூட்டியே தயாராக வந்தவர்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதையே எடுத்து வைப்பார். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. செக்-இன் பெட்டியில் போடலாம். நீதிமன்ற வாசல் சோதனையிலும் நின்றுவிடும்.

கேள்வி: வழிப்பறி செய்ய வந்தவனைத் தற்காப்புக்காகக் குத்திவிட்டால் எனக்குத் தண்டனை உண்டா? யூடியூபில் ஒருவர் "கொன்றாலும் கேஸ் இல்லை" என்கிறார்.
– வாசகர், திருச்சி

பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஆபத்தான பாதியை விட்டுவிட்டார்.

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்தவைதான். எண் மாறியிருக்கிறது, உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே. பிரிவு 38, உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்ச வைக்கும் தாக்குதலில், தாக்குபவனின் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் உரிமை நீளும் என்கிறது. பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சும் அதில் உண்டு. பிரிவு 41, பொருளைக் காப்பதற்கும் அந்த எல்லை வரை போகலாம் என்று சில குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் வழிப்பறி ஒன்று. வீடியோக்காரர் நிறுத்திய இடம் இது.

விட்டது பிரிவு 37. தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் கேடு செய்ய உரிமை கிடையாது. காவல் துறையை நாட நேரம் இருந்தால் அப்போதும் இந்த உரிமை இல்லை. அடுத்து பிரிவு 43. வழிப்பறியில், உடனடி மரணம், காயம், அல்லது தடுத்து வைக்கப்படுவோம் என்ற அச்சம் நீடிக்கும் வரைதான் அந்த உரிமை நீடிக்கும். அவன் திரும்பி ஓட ஆரம்பித்த பிறகு முதுகில் குத்தினால் அது தற்காப்பு ஆகாது. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது: எதிராளிகள் ஓட ஆரம்பித்ததும் ஆபத்து முடிந்தது, அதற்குப் பிறகு சுட்டவர்களுக்குத் தற்காப்பு வாதம் கைகொடுக்கவில்லை.

திருட்டுக்கும் வழிப்பறிக்கும் உள்ள வேறுபாடும் இங்கே உயிர்நாடி. பஸ்ஸில் பர்ஸை உருவியவன் திருடன். அவனைத் துரத்திப் பிடிக்கலாம், பொருளை மீட்கலாம், கத்தியால் குத்த முடியாது. கத்தியைக் காட்டியோ அடித்தோ பறித்தால்தான் வழிப்பறி. கையில் இருந்த போனைத் திடீரெனப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதைப் புதிய சட்டம் 'பறிப்பு' என்று தனிக் குற்றமாக, பிரிவு 304-இல், மூன்றாண்டு வரை தண்டனையோடு வைத்திருக்கிறது. பெயர் எதுவானாலும் உங்கள் உயிருக்கு அந்த நொடியில் ஆபத்து இருந்ததா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

எல்லை மீறினால் என்ன? ஆயுதத்தால் காயம் ஏற்படுத்தியதற்குப் பிரிவு 118: சாதாரணக் காயம் என்றால் மூன்றாண்டு வரை, கொடுங்காயம் என்றால் குறைந்தது ஓராண்டு, கூடினால் 10 ஆண்டு அல்லது ஆயுள். ஆள் இறந்து, நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் எல்லை தாண்டினீர்கள் என்று நிரூபணமானால் கொலைக் குற்றம் குறையும். குற்றமே இல்லை என்றாகாது.

நீதிமன்றங்கள் இதைத் தராசில் வைத்து மில்லிகிராம் கணக்காக நிறுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் பத்து கோட்பாடுகளைத் தொகுத்தது. உயிராபத்தில் இருப்பவர் தன் எதிர்ப்பைப் படிப்படியாக அளந்து செலுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அவற்றில் ஒன்று. தற்காப்பு என்று சொல்பவர் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். தமிழ்நாட்டிலேயே, 2021-இல் திருவள்ளூர் மாவட்டத்தில், கத்தியோடு தாக்க வந்தவனிடமிருந்து அதே கத்தியைப் பறித்துத் தற்காத்துக்கொண்ட இளம்பெண்ணை, அவன் இறந்த பிறகும், தற்காப்புப் பிரிவின் கீழ் போலீஸ் விடுவித்தது. அங்கே கத்தி வந்தவனுடையது என்பதைக் கவனியுங்கள்.

நடந்த பிறகு செய்யும் தவறுகளால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஓடிவிடுவது, கத்தியைக் கழுவுவது, சாக்கடையில் எறிவது, சட்டையை மாற்றுவது எல்லாம் குற்ற மனத்தைக் காட்டுவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். பாதுகாப்பான தூரத்துக்கு நகர்ந்து 112-ஐ அழையுங்கள், அடிபட்டவனுக்கும் சேர்த்து 108 கேளுங்கள். உங்கள் உடம்பில் உள்ள சிறு கீறலையும் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தாக்குதல் நடந்ததற்கு அதுதான் முதல் சாட்சியம். அருகில் உள்ள கடை, ஏடிஎம், பெட்ரோல் பங்க் கேமராக்களின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுகள் சில நாட்களில் அழிந்து புதியவை ஏறிவிடும். விரிவான வாக்குமூலத்துக்கு முன் வழக்கறிஞரோடு பேச உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: காலை வாக்கிங் போகும்போது பைக்கில் வந்து செயின் பறிக்கிறார்கள். கைப்பையில் சின்னக் கத்தி வைத்துக்கொள்ளலாமா என்று மகள் கேட்கிறாள்.
– வாசகி, மதுரை

செயின் பறிப்பு இரண்டு விநாடி வேலை. பைக் நிற்பதுகூட இல்லை. கைப்பையின் ஜிப்பைத் திறப்பதற்குள் அவர்கள் அடுத்த தெருவில் இருப்பார்கள்.

இங்கே காப்பாற்றுவது நடக்கும் பக்கம்தான். சாலையின் வலது ஓரமாக, எதிரே வண்டிகள் வரும்படி நடங்கள். பின்னாலிருந்து வரும் வண்டி அப்போது சாலைக்கு அந்தப் பக்கம் போகும். வண்டிச் சாலை இருக்கும் பக்கத்துத் தோளில் பையைத் தொங்கவிடாதீர்கள். எதிரே வருகிற வண்டி வேகத்தைக் குறைத்து உங்கள் பக்கம் ஒதுங்கினாலோ, முகவரி கேட்பதுபோல் நின்றாலோ, ஒரு வீட்டு கேட்டையோ நிற்கும் காரையோ நடுவில் விட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பறிக்கும்போது செயினைப் பிடித்துக்கொண்டு போராடுவதால்தான் பெரிய காயங்கள் வருகின்றன. பைக் இழுக்கும் வேகத்தில் தலை தரையில் மோதும். தடித்த தாலிச் சரடு அறுபடாமல் கழுத்தை அறுக்கும். வாக்கிங்குக்கு மட்டும் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு, யோசிக்கலாம். கழற்ற மனமில்லாதவர்கள் சேலைத் தலைப்பையோ துப்பட்டாவையோ கழுத்தைச் சுற்றிப் போட்டுச் செயின் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செயினைச் சேர்த்து ஊக்குக் குத்த வேண்டாம், துணியும் சேர்ந்து உங்களை இழுக்கும்.

ரயிலில் ஜன்னலோரம் தூங்குகிறவர்களுக்கும் இதே கதைதான். சிக்னலுக்காக வண்டி மெதுவாகும்போது கை உள்ளே வரும். இரவில் ஷட்டரை இறக்கிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் பெப்பர் ஸ்பிரே? மிளகாய்ப் பொடிப் பொட்டலமே போதாதா?
– வாசகி, சேலம்

பெப்பர் ஸ்பிரேக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. கத்தியை விட எல்லா விதத்திலும் மேல்: 6 முதல் 10 அடி வரை எட்டும், ஒரு கையால் இயங்கும், காயம் நிரந்தரமில்லை, பின்னால் நீதிமன்றத்தில் விளக்கவும் எளிது.

மிளகாய்ப் பொடி கதைக்குத்தான் நன்றாக இருக்கும். பொட்டலத்தைப் பிரிக்க இரண்டு கை வேண்டும், வீசினால் 3 அடி போகும், காற்று எதிரே இருந்தால் உங்கள் கண்ணில்தான் விழும். ஸ்பிரேயில் இருப்பது மிளகாயின் காரச் சாற்றை எண்ணெய்ப் பதத்தில் எடுத்தது. உள்ளழுத்தத்தில் பீய்ச்சுவதால் போய்ச் சேருகிறது, ஒட்டிக்கொள்கிறது.

மூடுபனியாகப் பரவும் வகையும், நீர்த்தாரையாகப் பீய்ச்சும் வகையும் கிடைக்கின்றன. காற்றடிக்கும் கடற்கரை ஊர்களில் தாரை வகை நல்லது; குறி சரியாக இருக்க வேண்டும். வாங்கியதும் திறந்த வெளியில், காற்று முதுகில் படும்படி நின்று அரை விநாடி அடித்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறது, பாதுகாப்புப் பூட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது கைக்குத் தெரிய வேண்டும். பயன்படுத்தும்போது கண்ணைக் குறிவைத்து அரை அல்லது ஒரு விநாடி, உடனே பக்கவாட்டில் விலகி ஓட்டம். அவன் கண்மூடித்தனமாக நேரே பாய்வான். நீங்கள் நின்ற இடத்தில் நிற்கக் கூடாது. சிலருக்கு, அதிலும் போதையில் இருப்பவர்களுக்கு, வேலை செய்யச் சில விநாடிகள் ஆகும்.

தோற்றுப்போகும் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. கைப்பையின் அடியில் சீப்புக்கும் சாவிக்கும் கீழே கிடப்பது. காலாவதி ஆகி அழுத்தம் போய்விடுவது. டப்பாவில் தேதி அச்சிட்டிருக்கும், பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு. வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைப்பது. சூட்டில் கசியும், வெடிக்கவும் கூடும். மூடிய ஆட்டோவுக்குள்ளோ காருக்குள்ளோ அடித்தால் நீங்களும் சேர்ந்து தவிப்பீர்கள். விமானத்தில் கைப்பை, பெட்டி இரண்டிலும் தடை.

கேள்வி: மகன் படிக்க லண்டன் போகிறான். ஈஸ்ட் ஹாமில் அறை. அங்கே கத்திக்குத்து அதிகம் என்று செய்தி படித்துப் பயமாக இருக்கிறது. ஸ்பிரே வாங்கிக் கொடுத்தனுப்பவா?
– பெற்றோர், யாழ்ப்பாணம்

வேண்டவே வேண்டாம். பிரிட்டனில் பெப்பர் ஸ்பிரே 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். கையில் இருந்தாலே குற்றம். தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

கத்தியைப் பொறுத்தவரை 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆம் பிரிவு. அலகின் வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு, மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சின்னதானாலும் இந்தச் சலுகைக்குள் வராது. தற்காப்புக்காக என்பது அங்கே ஏற்கத்தக்க காரணமே அல்ல. சலுகை உள்ள சின்னக் கத்தியைக்கூட "தற்காப்புக்கு வைத்திருக்கிறேன்" என்றால் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி தாக்கும் ஆயுதமாகிவிடும். நான்காண்டு வரை சிறை; மாணவர் விசாவுக்கும் அடி விழும். அழுத்தினால் அலறும் சிறு அலாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அதற்குத் தடை இல்லை. அவசர எண் 999.

கேள்வி: போனைப் பறிகொடுத்துவிட்டேன். பறிக்கும்போதே கத்தியை வைத்து ஜிபே-யில் 18 ஆயிரம் அனுப்ப வைத்தார்கள். முதலில் எதைச் செய்வது?
– வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

முதலில் பணம். யாருடைய போனிலிருந்தாவது 1930-க்கு அழையுங்கள். இணையக் குற்ற நிதி மோசடிக்கான எண் என்றாலும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கும் வேலை அங்கேதான் வேகமாக நடக்கும். ஒவ்வொரு கணக்காகத் தாண்டிப்போன பணத்தைத் திருப்புவது கடினம். வங்கியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து யுபிஐ, அட்டை இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து சிம்மை முடக்குவது. பிறகு காவல் நிலையம். "போன் தொலைந்தது என்று எழுதிக் கொடுங்க, ஈசியா முடிஞ்சிரும்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொலைந்த பொருள் பதிவு வேறு, வழிப்பறி வழக்கு வேறு. கத்தியைக் காட்டியதை, எத்தனை பேர், எந்த மொழிநடை, வண்டி நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆயுதத்தோடு செய்த வழிப்பறிக்குத் தண்டனை கூடும். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. நகல் இலவசம். நிலையத்தில் மறுத்தால் எழுத்து மூலம் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, அறிக்கைக்காகத் தொடர்ந்து கேளுங்கள்.

அந்த நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணை முடக்கலாம். எண் போன் பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். இப்போது போன் கையில் இருப்பவர்கள் *#06# அழுத்தி அதைக் காகிதத்தில் குறித்து வைக்கலாம். ஒரு சின்ன இடைஞ்சல்: மாற்று சிம் வாங்கியதும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராமல் இருக்கும், ஓடிபி கேட்கும் வேலைகளை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கத்திக்குத்துப் பட்டவருக்கு ஆம்புலன்ஸ் வரும் வரை என்ன செய்ய வேண்டும்? கத்தியைப் பிடுங்கலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி

பிடுங்காதீர்கள். உள்ளே இருக்கும் கத்தி அறுந்த குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். எடுத்ததும் திறந்துவிடும். அசையாமல் இருக்க இருபுறமும் துணிச் சுருள் வைத்துக் கட்டுங்கள்.

கத்தி இல்லாத காயம் என்றால் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால், உங்கள் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உறைந்த ரத்தம் ஒவ்வொரு முறையும் பிய்ந்துவிடும். 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சிகரெட் சாம்பல் எதுவும் வேண்டாம்.

கையிலோ காலிலோ பீய்ச்சி அடித்து அழுத்தத்துக்கும் நிற்கவில்லை என்றால் இறுக்குக்கட்டு. காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் இல்லாமல், 4, 5 செ.மீ. அகலமான துணியைக் கட்டி, முடிச்சில் ஒரு கெட்டியான குச்சியை வைத்து ரத்தம் நிற்கும் வரை முறுக்குங்கள். வெறும் பெல்ட்டை இழுத்துக் கட்டினால் போதிய இறுக்கம் வராது. மெல்லிய கயிறோ ஒயரோ சதையை வெட்டும். கட்டிய நேரத்தைத் துணியிலோ கையிலோ எழுதுங்கள். அவிழ்ப்பது மருத்துவர் வேலை.

நெஞ்சில் குத்து என்றால் காயத்தைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் வைத்து மூடக் கூடாது. உள்ளே சேரும் காற்று நுரையீரலை நசுக்கிவிடும். நினைவிருந்தால் சாய்ந்து உட்கார வையுங்கள். வயிற்றில் குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல் ஈரமான சுத்தத் துணியால் மூடுங்கள். தண்ணீர் கேட்பார், கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படும்.

"போலீஸ் கேஸ், எடுக்க மாட்டோம்" என்று எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. பரமானந்த் கடாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது. ஏற்றிச் செல்லும் ஆட்டோக்காரர்கள் தயங்க வேண்டாம்.

கேள்வி: ஏற்கெனவே வாங்கிய பேனாக்கத்தியை என்னதான் செய்வது?
– முதல் கேள்வி கேட்ட அதே வாசகர்

விடாமல் கேட்டதற்கு நன்றி. பையிலேயே வையுங்கள், வேறு காரணத்துக்காக. பைக் சக்கரத்திலோ செயினிலோ துப்பட்டாவோ சேலைத் தலைப்போ சிக்கிக் கழுத்தை இறுக்கும் விபத்தில், துணியை அறுக்க ஒரு கத்தி கிடைப்பது உயிர்ப் பிரச்சினை. அறுக்கும்போது வெட்டும் விளிம்பு கழுத்தைப் பார்க்காமல் வெளிப்புறம் பார்க்க வேண்டும். துணிக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரலைக் கொடுத்து, அலகை விரல்களுக்கும் துணிக்கும் நடுவே நுழைத்து வெளிப்புறமாக அறுங்கள். உங்கள் கத்தியில் உள்ள கத்தரி இந்த வேலைக்கு அலகை விடப் பத்திரமானது. மாதம் ஒருமுறை கீலில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். நகம் மாட்டும் பள்ளத்தில் அழுக்கு அடையாமல் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து வைத்தால் போதும்.